அரைப்பேர்: மலையகத் தமிழ்ப் படைப்புகளில் சான்றும் குடியுரிமையும்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்து, நாள் முழுவதும் வேலை செய்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் எத்தனை பேர் விழுந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே அடுப்பெரியும். மனிதரைக் குறிக்க வேண்டிய சொல் ஒரு நாள் உழைப்பின் அலகாக மாறியிருக்கிறது. அலகாக மாறியதனாலேயே அதனைப் பாதியாக வெட்டவும் முடிந்திருக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்தவர் எந்தப் புலவரும் அல்லர். லயத்து மக்களின் நாவில் அது தானாகப் படிந்தது. ஆயினும், சமமற்ற குடியுரிமை என்று நாம் பல பக்கங்களில் விளக்க முற்படும் நிலையை அந்த ஒரு சொல் விளக்கிவிடுகிறது.

மலையகத் தமிழரின் இடப்பெயர்வும் உரிமை மறுப்பும் அவர்தம் கலைகளிலும் கதைகளிலும் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பது பலரும் ஆராய்ந்த பொருள். அப்படைப்புகளை நாம் எவ்வாறு வாசித்து வந்திருக்கிறோம் என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. அரசு இம்மக்களிடம் சான்று கேட்டது. விமர்சனமும் அவர்களுடைய எழுத்திடம் சான்றையே கேட்டது. அரசு கேட்டது வசிப்புக்கான சான்று. விமர்சனம் கேட்டது துன்பத்திற்கான சான்று. இரண்டு கேள்விகளுக்கும் இடையே வேறுபாடு உண்டு, உறவும் உண்டு. அந்த உறவை ஒப்புக்கொள்ளாத வரையில் இவ்விலக்கியத்திற்கு நாம் வழங்கிவரும் இடமும் ஓர் அரைப்பேராகவே இருக்கும்.

சட்டம் கேட்ட சான்று

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் தம் தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தனர் என்றோ காட்டவேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் பிறந்தோர்க்கு இது எத்துணைக் கடினம் என்பதை விளக்கவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது நாட்டில் வாழ்ந்திருக்கவேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஏறத்தாழ 8,25,000 பேருக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே உரிமை பெற்றனர். 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, 1931 முதல் சர்வசன வாக்குரிமையின் கீழும் 1947 பொதுத் தேர்தலிலும் வாக்களித்தோர் பெருந்தொகையாக வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்பது முடிவு. பத்தாண்டு கழித்து அந்த எஞ்சிய தொகை இரு நாடுகளுக்கிடையே சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஓர் எண்ணை இரண்டால் வகுத்தார்கள். அந்த எண்ணுக்குள் குடும்பங்கள் இருந்தன. பெற்றோர் ஒரு கடவுச்சீட்டிலும் பிள்ளைகள் மறு நாட்டின் பதிவிலும் நின்ற வீடுகள் பல. நாடற்றோர் நிலையைச் சட்டத்தளவில் முடித்துவைத்த சட்டம் 2003இலேயே வந்தது.

இவ்வரலாறு மாநாட்டுப் பேராளர் பலருக்கும் தெரிந்ததே. இங்கு அதனைச் சுருக்கித் தருவதற்குக் காரணம், அதன் எல்லாக் கட்டங்களிலும் கேள்வியின் வடிவம் மாறாதிருப்பதை எடுத்துக்காட்டுவதுதான். இருப்பது உண்மையெனில் காட்டு என்பதே அக்கேள்வி. காட்டவேண்டிய ஏடுகளோ காட்டவேண்டியவரின் கையில் இல்லை. செக்ரோல் தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது. 1921 வரையில் ஒரு தொழிலாளி தோட்டம் விட்டுத் தோட்டம் மாறக் கடன் விவரம் எழுதிய 'துண்டு' வேண்டியிருந்தது. அத்துண்டை எழுதியவரும் துரையே. பிறர் எழுதிய காகிதத்தால் தன்னை மெய்ப்பிக்கவேண்டிய நிலை இவர்களுக்குச் சுதந்திரத்துக்கு முன்பே பழகியிருந்தது.

மேடையும் சிந்தும்

மலையக எழுத்தின் தொடக்க கட்டத்திலேயே கலை இக்கேள்விக்கு முகங்கொடுப்பதைக் காண்கிறோம். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகையாளர், தொழிற்சங்கவாதி, 1936 முதல் அட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர். அவர் 1937இல் நாடகமும் எழுதி வெளியிட்டார். 'இந்தியத் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என்பது அதன் பெயர். அந்தரம் என்ற சொல்லாட்சி கவனிக்கத்தக்கது. வறுமையைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்க, அவர் மேலும் இல்லாத கீழும் இல்லாத இடைநிலையைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தார். நாடற்ற நிலையைச் சட்டம் உருவாக்குவதற்குப் பதினோராண்டு முன்பே அதற்கான சொல் நாடகத் தலைப்பில் வந்துவிட்டது.

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளரின் இன்னல்களைப் பாடல்களாக்கிக் கூட்டங்களில் தாமே பாடினார். அச்சடித்த அறிக்கையை வாசிக்க இயலாதவர் பாட்டைக் கேட்டு மனத்தில் இருத்த இயலும் என்பதால் இவ்வடிவம் பயன்மிக்கதாயிற்று என்று நாம் எழுதுகிறோம். அது சரியே. ஆனால் அவர் பாடியது சாட்சியம் என்பதோடு அமையவில்லை. தம்மைப் போன்றோரை முன்னிலைப்படுத்தி, 'நாம்' என்று ஒரு கூட்டத்தைப் பாட்டால் கூட்டியது அது. துரைக்கோ சபைக்கோ முறையிடும் மனுவில் அந்த 'நாம்' வராது. அங்கு வருவது 'தாழ்மையான இவர்கள்' என்ற படர்க்கையே. சான்று எப்போதும் மேலே நோக்கிப் பேசும். மீனாட்சி அம்மையின் சிந்தோ பக்கத்தில் நிற்பவரை நோக்கிப் பேசியது.

பாட்டனின் பிறப்பும் பாட்டனின் புதைகுழியும்

சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அவரை அனுப்பிய வாக்காளரின் வாக்கு பறிபோன பின், 1954இல், அவருடைய ஆங்கிலக் கவிதை நூல் வெளிவந்தது. அது சக்தீ அ. பாலையாவின் மொழியாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்கு வந்தது. தோட்டத்தில் பிறந்த ஒருவர் தம் மக்களின் கதையை முதலில் ஆங்கிலத்தில் ஏன் எழுதினார் என்ற வினாவுக்கு, வெளியுலகத்துக்கு அறிவிக்க என்ற விடை எளிதாகக் கிடைக்கும். அவ்விடை போதாது.

அந்நூலின் மையத்தில் நிற்பவர், தேயிலைத் தூர்களின் அடியில் நினைவுக்கல் இன்றிக் கிடக்கும் முன்னோர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இதனைப் பொருத்திப் பார்த்தால் கவிதையின் துணிவு விளங்கும். சட்டம் பாட்டனின் பிறப்பைக் கேட்டது. கவிஞர் பாட்டனின் சாவைக் காட்டினார். எங்கே பிறந்தான் என்பதற்கு ஏடு வேண்டும். எந்த மண்ணாகிப் போனான் என்பதற்கு ஏடு வேண்டியதில்லை. அந்த மண்ணில் வளர்ந்த செடியே போதும். சட்டத்தின் கேள்விக்கு விடையளிப்பதை விடுத்துக் கேள்வியையே மாற்றிவிடுகிறார் அவர். ஆவணமாக வாசிக்கும் கண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. அக்கண் அங்கே தேடுவது இறப்பு வீதத்தையும் வாழ்க்கை நிலையையும்தான்.

என் பிழையையும் இவ்விடத்தில் சொல்லியாகவேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலத்தில், சி.வி. திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என் மேசையில் இருந்தது. அப்பாடல்களைக் கங்காணிக் கடனுக்கும் கூலிக் குறைவுக்கும் சான்றுகளாக வரிசைப்படுத்தி அடிக்குறிப்புகளில் வைத்தேன். பாடியவள் யாரைக் கேலி செய்தாள், எந்த இடத்தில் சிரித்தாள் என்பதை நான் கேட்கவில்லை. ஆய்வேடு ஏற்கப்பட்டது. பாட்டு மட்டும் அடிக்குறிப்பை விட்டு மேலே வரவில்லை.

நிறுத்துப் பார்த்தல்

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகச் சிறுகதையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அப்பெயரிலேயே அவருடைய தொகுதி 1980இல் வெளிவந்தது. வழக்கத்துக்கு மீறிய நிறைக்குக் கொழுந்து பறித்த ஓர் இளம்பெண். அந்த நிறையின் மீது விழும் ஐயம். ஐயம் அவளது நடத்தையின் மீதும் படர்தல். மீண்டும் பறித்து அவள் தன்னை மெய்ப்பித்தல். இவ்வளவே கதை.

உழைப்பின் மாண்பைப் போற்றும் கதை என்றும், கொழுந்து பறிக்கும் தொழிலின் நுட்பங்களைப் பிழையின்றிச் சித்திரிக்கும் கதை என்றும் அதனைப் பாராட்டி வந்துள்ளோம். இரண்டும் உண்மை. ஆனால் இக்கதை பிறந்த காலத்தில், அவளையொத்த இலட்சக்கணக்கானோர் வசித்ததை மெய்ப்பிக்குமாறு கேட்கப்பட்டு, மெய்ப்பிக்க இயலாதவராகத் தள்ளப்பட்டிருந்தனர் என்பதை மனங்கொள்ளவேண்டும். கொழுந்து மடுவத்துத் தராசின் முன் நிற்கும் பெண்ணும், பிரசாவுரிமை அலுவலரின் மேசை முன் நிற்கும் குடும்பமும் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றனர். இராமையா குடியுரிமை என்ற சொல்லை எழுதாமலே குடியுரிமையைப் பற்றி எழுதிவிட்டார்.

கதையின் எல்லையையும் சொல்லவேண்டும். புகழ்ச்சி மட்டும் விமர்சனமாகாது. இக்கதை அவள் கையை முழுமையாக நம்புகிறது. தராசு யாருடையது என்று வினவவில்லை. ஒருமுறை உழைத்ததை மெய்ப்பிக்க அவள் மறுமுறையும் உழைக்கவேண்டும் என்பதில் உள்ள அநீதி, வெற்றியின் மகிழ்ச்சியில் மங்கிப்போகிறது. வேறொரு நாள், வேறொரு பெண், உடல்நலம் குன்றியதால் மறுபடி பறித்துக்காட்ட இயலாது போனால் என்ன ஆகும்? அவள் சொன்னது பொய் என்றாகுமா? விண்ணப்பம் தள்ளுபடியான இலட்சக்கணக்கானோர் அந்த இரண்டாவது பெண்ணின் நிலையில் நின்றவர்கள். இவ்வினாவை எழுப்புவதால் இராமையாவின் கதை சிறுத்துவிடாது. அக்கதையை இலக்கியமாக எடுத்துக்கொண்டவரே இவ்வினாவை அதனிடம் எழுப்ப முடியும்; ஆவணத்திடம் யாரும் இவ்வாறு வாதாடுவதில்லை.

மண்வாசனையும் மண்ணும்

ஈழத்து விமர்சனம் இவ்வெழுத்தைப் புறக்கணித்தது என்று கூறுவது நியாயமாகாது. 1950களின் இறுதியிலும் 1960களிலும் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோர் முன்னெடுத்த தேசிய இலக்கியக் கருத்து மலையகத்துக்குக் கதவைத் திறந்தது. வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் தோட்டப் பகுதிக்கென நடத்திய பக்கமும், மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் சிறுகதைப் போட்டிகளும், அவற்றின் விளைவான 'கதைக் கனிகள்' தொகுப்பும் ஒரு தலைமுறையையே எழுதவைத்தன. தேசம் ஏற்க மறுத்தவர்களைத் தேசிய இலக்கியம் ஏற்றுக்கொண்டது. இது சிறிய செயலன்று.

ஆயினும் அந்த ஏற்பில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்நிபந்தனையின் பெயர் மண்வாசனை. யாழ்ப்பாணத்து எழுத்தாளரும் மட்டக்களப்பு எழுத்தாளரும் தத்தம் மண்ணின் மணத்தைத் தருவது போல் மலையக எழுத்தாளரும் தரவேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. முன்னிருவருக்கும் அம்மண்ணில் காணி இருந்தது. மலையகத்தவருக்கு லயத்துக் காம்பராவும் சொந்தமில்லை. வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலையில் இருந்தவரிடம் மண்ணின் மணத்தைக் கேட்டோம். மண் எங்கே என்று அவர்கள் எழுதியபோது அதனையும் மணமென்றே முகர்ந்தோம். தெளிவத்தை ஜோசப் தம் சிறுகதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பெயரிட்டார். பள்ளிப் பிள்ளைகள் பாடிப் பழகிய பாரதியின் சொற்றொடர் அது. ஒப்பந்தத்தின்படி மக்கள் கப்பலேறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அதே சொற்றொடர் நூலின் அட்டையில் வந்தபோது, அதனுள் உறுதிமொழியும் எள்ளலும் சேர்ந்தே ஒலித்தன. அந்த ஒலியை வட்டார வழக்கு என்னும் வகைப்பாட்டால் பிடிக்க இயலாது.

புலம்பெயர் இலக்கியம் என்னும் வகைப்பாட்டிலும் இதே நிலைதான். 1983க்குப் பின் ஐரோப்பாவிலும் கனடாவிலும் எழுந்த எழுத்துக்கே அப்பெயரைப் பெரிதும் வழங்குகிறோம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்து, காடு கடந்து நடந்துவந்தவர்களின் வழிவந்த எழுத்து அதற்குள் வருவதில்லை. அகதி விண்ணப்பம் எழுதி உரிமை பெற்ற நாம், அயல்நாட்டு அலுவலரின் முன் நம் கதையைச் சான்றாக்கிச் சொன்ன அனுபவம் உடையோம். அந்த அனுபவம் நம்மை இவ்வெழுத்துக்கு நெருக்கமாக்கியிருக்கவேண்டும். பெரும்பாலும் அவ்வாறு நிகழவில்லை.

ஒப்பாரியும் காமனும் நடைபயணமும்

சான்றாகச் சுருங்க மறுக்கும் ஆற்றல் எழுத்துக்கு மட்டும் உரியதன்று. ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரைத் தலைமன்னாரை நோக்கி ஏற்றிச்சென்ற இரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றும் அப்பெயரைத் தாங்கியது. ஒப்பாரி செத்தவர்க்குப் பாடுவது. உயிரோடு போகிறவர்க்கு அதனைப் பாடியபோது, இந்தப் பிரிவு ஒரு சாவு என்று அம்மக்கள் தீர்ப்பு வழங்கினர். தாயகம் திரும்புதல் என்று அரசுகள் எழுதின. பிணம் போகிறது என்று இரயில் மேடை சொன்னது. துயரத்தின் வெளிப்பாடு என்று மட்டும் அதனைக் குறித்துக்கொண்டால் தீர்ப்பு தவறிப்போகும்.

மாசியில் தோட்டந்தோறும் நடைபெறும் காமன் கூத்தும் இவ்வகையிலேயே நோக்கத்தக்கது. காமன் ஊன்றி, எரிந்த மன்மதனுக்காக இரதி புலம்ப, மீண்டும் அவன் எழும் கதை தமிழ்நாட்டிலிருந்து வந்ததே. எனினும் ஆண்டுதோறும் அதே பொட்டலில் ஊன்றுவதனால் உறுதிப்பத்திரம் இல்லாத ஓரிடம் ஊராகிறது. எவரிடமும் ஒப்புதல் பெறாமல், எவருக்கும் எதையும் மெய்ப்பிக்காமல் நிகழும் உரிமைகோரல் அது.

அண்மைக் காலத்தில் மலையகத்தைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேயிலைச் சாயத்தையும் ஓவியப் பொருளாக்கியுள்ளார். உலகம் குடித்துவிட்டு எறிந்த பை இங்கு எழுதுதாளாகிறது. அதனை எழுதுபவர் துரையோ கணக்கப்பிள்ளையோ அல்லர். 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபெற்ற பயணத்தையும் இவ்வரிசையில் வைக்கிறேன். முன்னோர் நடந்த பாதையைக் காலால் மீண்டும் சொல்லியது அது. நிலமும் வீடும் சமமான நடத்துகையும் அதன் கோரிக்கைகளில் இருந்தன. 2003இல் சட்டம் முழுப்பேர் போட்ட பின்னரும், தமக்கென முகவரி இல்லாது தோட்ட அலுவலகத்தின் வழியே கடிதம் பெறும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே அந்த நடை நினைவேந்தலோடு நின்றுவிடவில்லை.

முடிவுரை

ஆவண வாசிப்பைக் கைவிடவேண்டும் என்று இக்கட்டுரை கூறவில்லை. பதிவேடுகள் துரைமாரின் மொழியில் இருக்கையில், தொழிலாளர் பக்கத்து வரலாற்றுக்கு இப்படைப்புகள் இன்றியமையாதவை. சாரல்நாடன் போன்றோர் தேடித் தொகுத்திராவிட்டால் நடேசய்யரும் சி.வி.யும் நமக்கு இந்த அளவுக்குக் கிட்டியிருக்கமாட்டார்கள். ஆயின், சான்றாதல் ஒரு படைப்பு செய்யக்கூடிய பணிகளுள் ஒன்று. அது படைப்பின் தகுதிச் சீட்டு ஆகக்கூடாது. உண்மையாக எழுதியிருக்கிறாரா என்ற கேள்வியை யாழ்ப்பாணத்து நாவலாசிரியரிடமும் சென்னைக் கவிஞரிடமும் நாம் முதலில் கேட்பதில்லை. எவ்வாறு எழுதியிருக்கிறார், எதை மறுக்கிறார், எங்கே தவறுகிறார் என்று கேட்கிறோம். அதே கேள்விகளை, அதே கண்டிப்புடன், மலையக எழுத்தாளரிடமும் கேட்பதே சமமாக நடத்துதல். சலுகை காட்டும் பாராட்டும் ஒருவகை அரைப்பேரே.

நூலகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நான் பணியாற்றிய இடங்களுள் ஒன்றில் 'ஒரு கூடைக் கொழுந்து' தொழிலாளர் வரலாற்று நூல்களின் அடுக்கில் இருந்தது. அதனைத் தமிழ்ச் சிறுகதை அடுக்குக்கு மாற்றப் படிவம் ஒன்றை நிரப்பித் தரவேண்டியிருந்தது. இந்நூல் புனைவு என்பதற்குச் சான்று என்ன என்று அப்படிவம் கேட்டது. உங்கள் நூலகத்தில் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று இம்மாநாடு முடிந்து திரும்பியதும் ஒருமுறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.